திருப்பூருக்குக் கடல் இல்லை

என் தங்கை பேரன் ஒருவன் நிர்வாகவியல் படிக்கிறான். போன மாதம் நாற்பது பக்கக் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து, "தாத்தா, இதன் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். யோசித்து எழுதிக் கொடுத்தேன்: "சுற்றுச்சூழல் நிலைத்திருக்க வியூகத்தோடு செய்யும் தொழில் புதுமை." பையன் மகிழ்ந்து போய்விட்டான். கட்டுரையை நான் முழுக்கப் படித்தேன். அமெரிக்கா இருக்கிறது, ஐரோப்பா இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது. கடலூர் என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. வாரம் இரண்டு முறை கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸில் போய்வருகிற பையன் அவன். சிப்காட் வந்ததும் மற்றவர்களைப் போலவே ஜன்னலைச் சாத்துகிறவன்.

அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடமே அப்படி. கம்பெனிக்காரர்கள் குளிரூட்டிய அறையில் கூடி, தொலைநோக்கோடு யோசித்து, பூமித்தாய் மேல் பாசம் கொண்டு, புதிய முறைகளைக் கண்டுபிடிக்கிறார்களாம். அதற்குப் பெயர் வியூகமாம். வியூகம் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு அபிமன்யு ஞாபகம்தான் வரும். உள்ளே போக வழி தெரியும், வெளியே வர வழி தெரியாது. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு, சோனஞ்சாவடி மக்களின் கதை ஏறக்குறைய அதுதான்.

என் கட்சி இது: தொழிற்சாலைகளில் சுற்றுச்சூழலைக் காக்கும் புதுமை நல்லெண்ணத்தால் பிறப்பதில்லை. கழிவு வெளியேறும் எல்லா வாசலையும் அடைத்துவிட்டால் மட்டுமே பிறக்கிறது. ஒரு வாசல் திறந்திருந்தாலும் போதும், கழிவு அந்த வழியாகப் போய்விடும்; புதுமை பிறக்காது, அறிக்கைதான் பிறக்கும். அடியாத மாடு படியாது என்று நம் பெரியவர்கள் சொன்னது மாட்டுக்கு மட்டும் சொன்னதல்ல.

நான் புதுச்சேரியில் ப்ரெவே வரை பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்வு எழுதிக் கடலூரில் அரசு குமாஸ்தா ஆனேன். இன்று ஆங்கிலத்தில் 'சஸ்டெய்னபிள்' என்று எதைச் சொல்கிறார்களோ அதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'துய்ராப்ல்' என்கிறார்கள். எங்கள் வகுப்பில் அந்தச் சொல்லைச் செருப்புக்கும் துணிக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்: நாள்பட உழைக்கும், சீக்கிரம் கிழியாது என்று பொருள். செருப்பு உழைக்குமா என்பதைச் செருப்புக் கடைக்காரன் சொல்லி நாம் நம்புவதில்லை. போட்டு நடப்பவன்தான் சொல்லவேண்டும். ஆலை விஷயத்தில் மட்டும் கடைக்காரன் அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் தலையாட்டுகிறோம்.

பிரெஞ்சுப் பாடத்தில் வந்த இன்னொரு பெயர், லெப்லான். சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்து 1791இல் காப்புரிமை பெற்றவர். கண்ணாடிக்கும் சோப்புக்கும் துணிக்கும் சோடா வேண்டும். அவர் முறையை இங்கிலாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய ஆலைகளாகக் கட்டினார்கள். உப்போடு கந்தக அமிலத்தைச் சேர்க்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாகக் கிளம்பும். அதை உயரமான புகைபோக்கி வழியே வானத்தில் விட்டார்கள். சுற்றிலும் பயிர் கருகியது, மரம் பட்டுப்போயிற்று.

அந்த ஆவியைப் பிடிக்க வழி தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தது. 1836இலேயே காஸேஜ் என்பவர் ஒரு கோபுரம் வடிவமைத்தார். மேலிருந்து தண்ணீர் வழியும், கீழிருந்து ஆவி ஏறும், ஆவி தண்ணீரில் கரைந்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் அதைக் கட்டாமல் விட்டவர்களும் உண்டு, கட்டியும் ஒழுங்காக ஓட்டாதவர்களும் உண்டு. 1863இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: 100 பங்கு ஆவியில் 95 பங்கைப் பிடித்தாகவேண்டும், பார்வையிட ஓர் ஆய்வாளர் வருவார். சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா ஆலைகளும் அந்த அளவைத் தாண்டிவிட்டன. கோபுரம் 27 வருடம் காத்திருந்தது, சட்டத்துக்காக.

கதை அங்கே முடியவில்லை. அந்தச் சட்டம் காற்றுக்கு மட்டும்தான். தண்ணீரில் கரைந்த அமிலத்தை ஆற்றில் விட்டார்கள்! ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசல். பிறகுதான் வெல்டன், டீக்கன் என்ற இருவர் அந்த அமிலத்திலிருந்து குளோரின் எடுக்கும் நல்ல வழிகளைக் கண்டுபிடித்தார்கள். குளோரினிலிருந்து ப்ளீச்சிங் பவுடர். நம் பஞ்சாயத்தில் சாக்கடை ஓரமாகத் தூவுகிறார்களே, அதேதான். துணிக்கும் காகிதத்துக்கும் அதற்குப் பெரிய கிராக்கி. நேற்றுவரை ஊரை அழித்த ஆவி இன்று விற்பனைச் சரக்கு ஆயிற்று. என் பேரன் படிக்கும் 'தொழில் புதுமை'க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் எந்த வரிசையில் நடந்தது என்று பாருங்கள்: முதலில் அளவு, அடுத்து ஆணை, கடைசியில் புதுமை.

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குத் திருப்பூர் இருக்கிறது. சாயப்பட்டறைகள் துணியில் சாயம் பிடிக்க ஏராளமாக உப்புப் போடுவார்கள். அந்த உப்பும் சாயமும் நொய்யலில் இறங்கின. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காகக் கட்டிய அணை, சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் குட்டையாகிவிட்டது. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்கவேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கெஞ்சிய அதிசயம் நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக்கூடாது என்று 2006 டிசம்பரில் உத்தரவு வந்தது. தவணை மேல் தவணை வாங்கினார்கள். கடைசியில் 2011 ஜனவரி 28ஆம் தேதி, சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அன்று ஊரே கொதித்தது. பின்னலாடைத் தொழில் அழிந்தது என்றார்கள், வேலையெல்லாம் வங்கதேசம் போய்விடும் என்றார்கள். தொழிலாளிகள் பட்ட கஷ்டம் உண்மை. பல மாதம் வேலையில்லை, சிறிய பட்டறைகள் சில திரும்ப எழவே இல்லை. அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் நடந்தது என்ன? அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். நம் வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் பெரிய அண்ணன்களை வைத்து, கழிவுநீரில் பெரும்பகுதியைத் திரும்பவும் நல்ல தண்ணீராக எடுத்தார்கள். மிஞ்சிய உப்புக்கரைசலைச் சுத்தப்படுத்தி அதையே மறுபடி சாயத் தொட்டியில் ஊற்றினார்கள். தண்ணீரும் மிச்சம், உப்பும் மிச்சம். அதன் பிறகு கரைசலில் மிஞ்சுவதைக் காய்ச்சி வற்றவைத்தார்கள். எதற்கும் உதவாத கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது, மின்சாரச் செலவும் அதிகம். குறை உண்டு. இருந்தாலும் உலகத்துத் துணி ஆலைகள் வந்து பார்த்துப் போகும் ஊராகத் திருப்பூர் ஆனது. ஏற்றுமதியும் அழியவில்லை, ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருப்பூரில் பிறந்த புதுமை கடலூரில் ஏன் பிறக்கவில்லை? நம்மிடம் படித்தவர்கள் இல்லையா? சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆலைகளிலோ முனைவர் பட்டம் வாங்கிய வேதியியலாளர்கள் இருக்கிறார்கள். அறிவுக்குப் பஞ்சமில்லை. நான் கண்ட விடை மிக எளிது: திருப்பூருக்குக் கடல் இல்லை. நமக்குக் கடல் இருக்கிறது.

திருப்பூர்க் கழிவைக் குழாய் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனைகூட ஒரு காலத்தில் பேசப்பட்டது. தூரமும் செலவும் மலைப்பாக இருந்ததால் நடக்கவில்லை. அந்தக் குழாய் மட்டும் போடப்பட்டிருந்தால் திருப்பூரில் எந்தப் புதுமையும் பிறந்திருக்காது. கடலூரிலோ, ஆலைகளின் முதுகுப்புறம் உப்பனாறு, அதைத் தாண்டினால் வங்காள விரிகுடா. முதலில் ஆறு வாசலாக இருந்தது. ஊர் சத்தம் போட்டதும் பல ஆலைகளின் கழிவுநீர், சுத்திகரித்த பிறகு, பொதுக் குழாய் வழியே கடலுக்குள் போக ஏற்பாடாயிற்று. கடலுக்கு வாய் இல்லை, மனுப் போடாது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கடல் மீனவன் வீட்டு நெய். காற்று குடிகாட்டான் வீட்டு நெய்.

காற்று விஷயத்தில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. 1990களில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு (பெயர் வேண்டாம்) சிப்காட் பக்கத்து ஊர்களிலிருந்து மனுக்கள் வரும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நாற்றம், குழந்தைகள் இருமுகின்றன, கண் எரிகிறது என்று எழுதியிருப்பார்கள். பதிவேட்டில் எண் போட்டு, "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று மேலே அனுப்புவோம். பத்து நாள் கழித்து ஒரு பகல் வேளையில் யாராவது போய்ப் பார்ப்பார்கள். "ஆய்வின்போது துர்நாற்றம் ஏதும் உணரப்படவில்லை" என்று அறிக்கை வரும். கோப்பு முடிந்தது. ராத்திரி வீசிய நாற்றத்தைப் பகலில் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். அழுகிய முட்டை நாற்றம் எந்தத் திசையில், நகப்பூச்சு வாசனை எந்தத் திசையில், அழுகிய முட்டைக்கோஸ் எந்தத் திசையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் மூக்கு சொன்னது அத்தனையும் சாட்சியம். ஆனால் மூக்கின் சாட்சியத்துக்குக் கோப்பில் இடமில்லை.

பிரெஞ்சு நிர்வாகத்தில் 'ப்ரொசே வெர்பால்' என்று ஒன்று உண்டு. சம்பவ இடத்திலேயே, கண்ட மாத்திரத்தில், தேதி நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடும் பதிவு. சிறுவயதில் சைக்கிளில் விளக்கு இல்லாமல் போனால்கூடப் போலீஸ்காரர் அதை எழுதிவிடுவார் என்று பயப்படுவோம். சிப்காட் மக்களுக்கு இல்லாமல் போனது அந்த ஒரு தாள்தான். 2004இல் அதை அவர்களே செய்துகொண்டார்கள், ஒரு பிளாஸ்டிக் வாளியால்.

வாளி முறை அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1995இல் தோன்றியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் புகையால் மக்கள் நோயுற்றபோது, அதிகாரிகள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஒரு வக்கீல் மலிவான கருவி ஒன்றைச் செய்யச் சொன்னார். மூடியுள்ள வாளி, அதற்குள் வேதிப்பொருள் ஒட்டாத ஒரு பை, ஒரு குழாய், ஒரு திறப்பான். வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று பைக்குள் புகுந்து நிறையும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டியதுதான். நம் கிராமத்து ஆண்களும் பெண்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். எந்த நேரம், என்ன வாசனை, காற்று எந்தப் பக்கம் என்று குறிப்பேடு வைத்தார்கள். நாற்றம் வந்த நேரத்திலேயே காற்றைப் பிடித்தார்கள். 2004 செப்டம்பரில் முடிவு வெளியானது: 22 நச்சு வேதிப்பொருள்கள். அவற்றில் புற்றுநோய் தரக்கூடியவையும் இருந்தன. அபாயக் கழிவுகளைக் கண்காணிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழு அதே மாதம் கடலூருக்கு வந்து பார்த்தது.

அன்றைக்கு நம் நாட்டுக் காற்றுத் தர அளவுகோலில் பென்சீனுக்கு ஓர் எல்லையே கிடையாது. 2009 நவம்பரில்தான் அது சேர்ந்தது. எல்லாம் அந்த வாளியால் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நாற்பது பக்கக் கட்டுரையில் 'கடலூரின் தொழில் புதுமை' என்று ஓர் அத்தியாயம் எழுதச் சொன்னால் நான் எந்த ஆலையையும் எழுதமாட்டேன், அந்த வாளியைத்தான் எழுதுவேன்.

பிறகு அரசு நிறுவனங்களே அளந்தன. நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகச் செய்த ஆய்வு 2008இல் செய்தித்தாள்களில் வந்தது. சிப்காட் பகுதி மக்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட 2,000 மடங்காவது அதிகம் என்றது. இது காற்றில் உள்ள நச்சை வைத்துக் கணக்கிட்ட அபாயம், நோயாளிகளை எண்ணிய கணக்கல்ல. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி. நமக்கு 77.45. பள்ளிக்கூடத்தில் இந்த மதிப்பெண் வாங்கினால் மிட்டாய் கொடுக்கலாம். இங்கே 2010 ஜனவரியில் புதிய ஆலைகளுக்கு இடைக்காலத் தடை வந்தது. செயல்திட்டம் எழுதிக் கொடுத்ததும் தடை போய்விட்டது. திட்டம் எழுதுவதில் நாம் சூரர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது 2021 மே மாதம் சிப்காட்டின் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் உயிர்கள் போனபோதும், 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்தபோதும் தெரிந்தது.

அளவெடுத்துக் காரணத்தைச் சரியாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, சிதம்பரத்துக்குக் கிழக்கே. தில்லை என்ற பெயரே ஒரு மரத்தின் பெயர்தான். சதுப்புநிலத்து மரம். கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் தில்லைவனமாக இருந்தது என்பார்கள். இன்று அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் போகவேண்டும். அந்தக் காடு பல இடங்களில் மொட்டையாகிக்கொண்டிருந்தது. விறகு வெட்டுகிற ஏழைகளும் ஆடு மாடுகளும்தான் காரணம் என்று வழக்கம்போலச் சொன்னார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மண்ணை ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை, பகுதி பகுதியாகக் காட்டை ஒட்ட வெட்டும் முறை இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் பட்டு மண் வற்றி, தொட்டி போலக் குழிந்துவிட்டது. கடல்நீர் ஏறினால் திரும்ப வடியாது. தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, எந்தச் செடியும் முளைக்காது. வெட்டியது அரசாங்கமே, அதுவும் திட்டப்படி.

காரணம் தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் மீன்முள் போலச் சின்ன வாய்க்கால்கள். ஏற்றத்தில் நீர் உள்ளே வரும், இறக்கத்தில் வெளியே போகும், உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கரையோரத்து மக்களும் சேர்ந்து வெட்டினார்கள், கன்று நட்டார்கள். மண்வெட்டிதான் தொழில்நுட்பம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கடலூர்க் கரையில் மரங்கள் இருந்த பகுதிகளில் சேதம் குறைவு என்று மறுவருடம் 'சயன்ஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. கடலிலிருந்து தூரமும் நிலத்தின் மேடும்கூடக் காரணம் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், அந்தக் காட்டை அழகான அறிக்கை எதுவும் மீட்கவில்லை. குற்றத்தை உரிய இடத்தில் எழுதியதால் மீண்டது.

இனி, எதிர்க்கேள்விகள். "நம் பிள்ளைகள் நாலு பேர் அங்கே வேலை செய்கிறார்களே, கடுமையாக நடந்துகொண்டால் ஆலைகள் வேறு மாநிலம் போய்விடுமே" என்பது முதல் கேள்வி. நியாயமான பயம். என் தெருவிலும் அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரியும் வீடுகள் உண்டு. திருப்பூர் எங்கேயும் போகவில்லை என்பதே என் பதில். இன்னொரு பதிலும் உண்டு. நிர்வாகவியல் பிள்ளைகள் வியூகத்துக்குக் குருவாகக் கொண்டாடும் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டரே 1991இல் எழுதியிருக்கிறார்: நன்றாக வகுத்த கடுமையான சுற்றுச்சூழல் விதி கம்பெனியைப் புதுமை செய்யத் தூண்டும், அதனால் போட்டியில் அது முன்னேறவும் முடியும் என்று. குரு சொன்ன முதல் பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் புத்தகம் போடுகிறார்கள்.

"கம்பெனிகள் ஊருக்கு எவ்வளவோ செய்கின்றனவே" என்பது இரண்டாவது கேள்வி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். தையல் இயந்திரம், பள்ளிக்கூடப் பை, மருத்துவ முகாம் எல்லாம் அதில் வருகின்றன. வரட்டும். ஆனால் தானம் வேறு, கடன் வேறு. மாசுபடுத்தியவனே அதன் முழுச் செலவையும் ஏற்கவேண்டும் என்று வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. என் கிணற்றில் உப்பு ஏற்றிவிட்டு என் பேத்திக்கு ஒரு பை கொடுத்தால் கணக்கு நேராகாது.

"இப்போது எல்லாம் வெளிப்படையாக அறிக்கை தருகிறார்களே" என்பது மூன்றாவது. பங்குச்சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் பொறுப்பறிக்கை தரவேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. நல்லதுதான். அது பங்குதாரருக்கு, ஆங்கிலத்தில். ஈச்சங்காட்டுக் கிழவி பங்குதாரர் அல்ல, ஆனால் பங்கு அவளுக்கும் வந்துகொண்டேதான் இருக்கிறது, ஜன்னல் வழியாக.

அப்படியானால் என்ன செய்யவேண்டும்? குமாஸ்தாவாக இருந்தவன் குறிப்பு எழுதாமல் முடிக்கமாட்டான். நான்கே கோரிக்கைகள்.

ஒன்று: ஆலை வாசலில் பலகை. என்னென்ன அபாய வேதிப்பொருள் உள்ளே இருக்கிறது, காற்றிலும் நீரிலும் எவ்வளவு வெளியே வருகிறது, எவ்வளவு கழிவு சேர்கிறது என்று வாசலில் எழுதிவைக்கவேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 14.10.2003 தேதியிட்ட ஆணை. புதிதாக எதுவும் கேட்கவில்லை. தமிழில், சாலையில் நின்று படிக்கும்படி, அன்றைய தேதியோடு இருக்கட்டும்.

இரண்டு: 2014 முதல் 17 வகை அதிக மாசு ஆலைகளில் இடைவிடாமல் அளக்கும் கருவி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்கள் வாரியத்துக்குப் போகின்றன. அதே எண்கள் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தெரியட்டும். பக்கத்திலேயே ஒரு நாற்றப் பதிவேடு. ராத்திரி புகார் வந்தால் ராத்திரியே வந்து காற்றைப் பிடிக்கவேண்டும்.

மூன்று: சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஊர்வாரியாக நோய்ப் பதிவேடு. 2,000 மடங்கு என்று கணக்குப் போட்ட நாட்டில், தலையை எண்ணிப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

நான்கு: கடல் குழாயை மூட ஒரு தேதி. நாளைக்கே என்று சொல்லவில்லை. ஐந்து வருடமோ ஏழு வருடமோ, வருடா வருடம் இவ்வளவு குறையவேண்டும் என்று எழுதி, கடைசித் தேதியைப் போடட்டும். முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், தேதி போடாத கோப்பு நகராது. அந்தத் தேதி வந்துவிட்டால் ஆலையில் இருக்கும் வேதியியலாளர்கள் தாமாகவே விழித்துக்கொள்வார்கள். கழிவிலிருந்து எதை எடுத்து விற்கலாம் என்று முதலாளியே அவர்களிடம் கேட்பார். என் பேரன் படிக்கும் வியூகம் அன்றைக்குத்தான் கடலூருக்கு வரும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். ஆசிரியராக, தபால்காரராக, தாலுகா அலுவலக எழுத்தராக இருந்தவர்கள். மனு எழுதத் தெரிந்த கடைசித் தலைமுறை நாம்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுத்த கிராம சபைக்குள் ஆளுக்கு ஒரு மனு எழுதுவோம். பொருள்: ஆலை வாசலில் தமிழ்ப் பலகை. பார்வையில் 14.10.2003 ஆணையை மறக்காமல் குறிப்பிடுங்கள். கொடுத்த இடத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.